பெஞ்சுல வெச்ச பொட்டலம்

…பெஞ்சுலயே விட்டுட்டு வந்திருக்கலாமல்ல, அம்மா ஏன் அதத் திரும்பிப் பாத்துச்சு… சாரதா, தூங்கிறாத புள்ள, எங்கூட்டுல படுக்கப் பயந்துதான் உன்ற பக்கத்துல வந்து படுத்திருக்கறேன், கேளு… பொட்டலத்துல என்ன, பனியன்தான், அப்பா வேலை செய்யற ராயபுரம் கம்பெனியில சொல்லி, கோயமுத்தூர் பர்மிட் ஆபீசருக்கும் அவரு பையனுக்கும் சைஸ் பாத்து வாங்குனது… "கையில குடுக்கப்படாது, மறந்து வெச்சாப்ல வெச்சுட்டு எந்திரிச்சு வந்துரோணும், பியூன் எடுத்துக்குவான்"னு கோயமுத்தூர் போற வரைக்கும் பஸ்ஸுல அப்பா சொல்லீட்டே வந்தாரு, அம்மாவும் தலையாட்டுச்சு, அது எதுக்குத்தான் தலையாட்டாது, பர்மாவுல நம்ம சனத்தத் தொரத்துனப்ப அப்பாகூடக் கப்பலேறி வந்தது, இன்னும் பாதித் தமிழுதான… பர்மாக்காரி இங்க தங்கோணுமுன்னா வருசாவருசம் பர்மிட்டுல சீல் வாங்கோணுமாம், இல்லீன்னா திருப்பி அனுப்பீருவாங்களாம், அங்க அம்மாவுக்கு யாரு இருக்கறா…

ஆபீசுல அப்பா பொட்டலத்தப் பெஞ்சுல வெச்சுட்டு எந்திரிச்சாரு, நானும் எந்திரிச்சேன், அம்மா மட்டும்… அவங்க ஊருல பெரியவங்களுக்கு ஒண்ணு குடுக்கறதுன்னா எல்லாரும் பாக்கத்தான் குடுப்பாங்க, பெஞ்சுல போட்டுட்டு வர்றது மரியாதையில்லைன்னு நெனச்சுதோ என்னமோ, செருப்பக் கழட்டுச்சு, ஆபீசரு முன்னால மண்டி போட்டுச்சு, பொட்டலத்த ரெண்டு கையிலயும் ஏந்தி, "சார், பனியன், உங்களுக்கு"ன்னு… ஆபீஸே சிரிச்சுது புள்ள, "ஏனுங்கம்மணி, ஜட்டி கொண்டாரலீங்களா"ன்னு ஒருத்தன் கேட்டான், ஆபீசரு மூஞ்சி செவந்து போச்சு, "எனக்கே லஞ்சமா"ன்னு கத்தி, பர்மிட்டப் புடுங்கி டிராயர்ல போட்டுப் பூட்டீட்டாரு, "இனி இந்தப் பொம்பள கப்பலேற வேண்டியதுதான்"னாரு. அப்பா கும்பிட்டாரு, "வெவரம் பத்தாதுங்க சாமி"… அப்பத்தான் ஆபீசரு என்னயப் பாத்தாரு, "இந்தப் புள்ள எங்க பொறந்துது, இதையும் சேத்து அனுப்போணுமா?" நான் ரங்கூன்ல பொறந்தவதான… அப்பா கொஞ்சங்கூட யோசிக்கல, "இல்லீங்க, வீரபாண்டியிலதானுங்க, எங்கூட்டுலயேதானுங்க, சென்னம்மாள்னு மருத்துவச்சி, ஐப்பசி மாசம், நல்ல மழைங்க"… மழை சாரதா, பேயாத மழையைக்கூட வெச்சிருந்தாரு.

அம்மா செருப்ப அங்கயே உட்டுட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வெறுங்காலுல நடந்துச்சு, அப்பா பாக்கவேயில்ல… ஊட்டுல ரெண்டு பேரும் இப்ப ஆளுக்கொரு சுவத்தப் பாத்துப் படுத்திருக்கறாங்க. நான் பொழச்சுட்டேன், செரி… எப்பருந்து புள்ள அந்தப் பொய்ய எனக்குன்னு செஞ்சு வெச்சிருந்தாரு? அம்மாவுக்குன்னு ஒரு பொய்கூடவா… தோணாமயா இருந்திருக்கும்…