நிறையாத தொட்டி

பம்ப் தொழிற்சாலைக் கிடங்கில் முப்பத்தைந்து வருடம் ஆணி முதல் மோட்டார் வரை பொறுப்பில் வைத்திருந்ததால் அவரை எல்லோரும் ஸ்டோர்காரர் என்றே கூப்பிட்டார்கள். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. ஒரு போல்ட் குறைந்தாலும் ஊரைக் கூட்டிவிடுவார். கெட்ட மனிதர் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஏட்டில் ஒன்று இருந்து, எதிரே நிற்கிற ஆள் வேறொன்று சொன்னால் ஏட்டைத்தான் நம்புவார்.

அவர் மனைவி பள்ளிக்கூடச் சமையலறையில் தலைமைச் சமையல்காரியாக இருந்தவள். குழாயைத் திறந்துவிட்டு, முழங்கை வரை நனைய அண்டாக்களைக் கழுவிப் பழகிய கை. பேச்சும் அப்படித்தான், வஞ்சனையில்லாமல் கொட்டும். ஆளுக்கொரு பக்கம் வேலைக்கு ஓடியே காலம் போய்விட்டது, இனிமேலாவது சேர்ந்து நாலு இடம் பார்ப்போம் என்று பழைய கேரவன் ஒன்றை வாங்கினார்கள். படுக்கை, அடுப்பு, ஒரு ஆள் திரும்ப முடியாத குளியலறை, கழிவறை எல்லாம் அதற்குள்ளேயே இருந்தன. வாங்க வேண்டும் என்று ஆசைப்பட்டதே அவள்தான்.

வண்டிக்கு அடியில் கழிவுக்கு இரண்டு தொட்டிகள். பாத்திரம் கழுவுகிற, குளிக்கிற தண்ணீருக்கு ஒன்று, கழிவறைக்கு ஒன்று. நிறைந்தால் அதற்கென்று இருக்கும் இடத்துக்கு ஓட்டிப் போய், தடித்த குழாயை மாட்டி, வால்வைத் திறந்து கொட்ட வேண்டும். முதலில் கழிவறைத் தொட்டி, பிறகு குளியல் தண்ணீர்த் தொட்டி. அப்போதுதான் பின்னால் வருகிற தண்ணீர் குழாயைக் கழுவிக்கொண்டு போகும். ஸ்டோர்காரர் இதையெல்லாம் ஒரே வாரத்தில் கரைத்துக் குடித்துவிட்டார். கையுறை ஒரு ஆணியில், குழாய் ஒரு பெட்டியில், எல்லாவற்றுக்கும் ஓர் இடம். கழிவறைக் கதவுக்கு மேலே நாலு சின்ன விளக்குகள் இருந்தன. கழிவறைத் தொட்டி நிறைய நிறைய ஒவ்வொன்றாக எரியும். நாலாவது எரிந்தால் கிளம்பிவிட வேண்டும். விளக்குகளைப் பார்த்ததும் அவருக்குக் கிடங்கே திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது.

முதல் இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் முன்ஜாக்கிரதை என்று சொல்லி, கழிவறையில் தண்ணீர் விடுகிற மிதியை ஒரு தரத்துக்கு மேல் மிதிக்க வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவைத்தார். அவளும் சிரித்துக்கொண்டே, "ஊர்ல எல்லாரும் பணத்தைத் தண்ணியா செலவழிப்பாங்க, நீங்க தண்ணியைப் பணமா செலவழிக்கிறீங்க" என்றாள். அவரும் சிரித்தார்.

மூன்றாவது மாதம் விளக்குகள் சீக்கிரம் எரிய ஆரம்பித்தன. எட்டு நாள் தாங்கிய தொட்டி ஐந்து நாளில் நிறைந்தது. பிறகு நாலு. பிறகு மூன்று. தன் பழக்கத்தில் ஒரு மாற்றமும் இல்லை என்பது அவருக்கு நிச்சயம். அப்படியென்றால் மிச்சம் இருப்பது ஒரே ஆள்தானே? மிதியை அரை மிதியாக்கச் சொன்னார். அவள் கழிவறைக்குப் போய் வந்தால், அவர் எதேச்சையாகப் போகிறவர் போல எழுந்து போய் விளக்கைப் பார்ப்பார். சில நாள் "மறுபடியுமா?" என்று கேட்பார். அதட்டி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் அந்த ஒரு கேள்வி ஊசி மாதிரி இறங்கும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

ஒருநாள் கழிவைக் கொட்டும் இடத்தில் அவள் கூடவே வந்து நின்றாள். வால்வைத் திறந்ததும் கொஞ்ச நேரம் கடகடவென்று ஓடி, சட்டென்று அடங்கிவிட்டது.

"என்னங்க, இவ்வளவுதானா? முன்னெல்லாம் எவ்வளவு நேரம் ஓடும். ரொம்பிப்போன தொட்டி மாதிரியே தெரியலையே" என்றாள்.

"நாலாவது விளக்கு எரிஞ்சுதே, பார்த்தேல்ல? வேகமா போயிருக்கும்" என்று சொல்லிவிட்டுக் குழாயைக் கழற்றினார்.

அதற்கடுத்த வாரம் ஓர் ஏரிக்கரைக்குப் போனார்கள். ஐந்து நாள் தங்குவதாகத் திட்டம். அவள் நாற்காலியைத் தண்ணீருக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, பக்கத்து வண்டிப் பெண்ணோடு ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவளைப் பார்த்து நாளாகிவிட்டது என்று அவருக்கே தோன்றியது. இரண்டாம் நாள் காலையில் நாலாவது விளக்கு எரிந்தது. கொட்டுகிற இடம் நாற்பது கிலோமீட்டர் தள்ளி. போனால் ஏரிக்கரை இடத்தை வேறு வண்டி பிடித்துவிடும். நாற்காலியை மடித்து உள்ளே வைக்கும்போது அவர், "உன் ஒருத்தியாலதான் இப்படிப் பாதியில கிளம்ப வேண்டியிருக்கு" என்றார். பக்கத்து வண்டிப் பெண்ணின் காதில் அது விழுந்திருக்கும். மனைவி தலை நிமிராமல் வண்டியில் ஏறினாள்.

அன்றிலிருந்து அவள் கழிவறைக்குப் போவது குறைந்தது. வழியில் பெட்ரோல் பங்க் வந்தால் நிறுத்தச் சொல்லி இறங்கிப் போவாள். விளக்குகள் மட்டும் பழையபடியே எரிந்தன. அவள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டாள் என்பது அவருக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்வதும் முழு உண்மை இல்லை. காலையில் காபியைப் பாதியோடு வைப்பதையும், சாப்பிட்டு முடித்துத் தண்ணீர் குடிக்காமலே வாயைத் துடைத்துக்கொள்வதையும் பார்த்தார். வயசாகிறது, பசி தாகம் குறைகிறது என்று நினைத்துக்கொண்டார். நினைத்துக்கொள்வது வசதியாகவும் இருந்தது.

ஆறு வாரம் கழித்து அவளுக்குக் குளிர்க்காய்ச்சல் வந்தது. விலாவுக்குக் கீழே கைவைக்க முடியாத வலி. மருத்துவமனையில் சேர்த்தார்கள். சிறுநீர்த் தொற்று சிறுநீரகம் வரை ஏறிவிட்டது என்றார் டாக்டர். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிப்பீர்கள் என்று அவளிடம் கேட்டார். அவள் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்த கணவரை ஒரு தரம் பார்த்தாள்.

"வேலை மும்முரத்துல மறந்துடுவேன் டாக்டர்" என்றாள்.

கேரவனில் என்ன வேலை மும்முரம்? அந்த ஒரு பார்வையில் ஸ்டோர்காரருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. காட்டிக்கொடுக்காமல் விட்டாளே என்று ஒரு நிமிஷம் நிம்மதியாகவும் இருந்தது. பின்னால் நினைத்து நினைத்து வெட்கப்பட்டது அந்த நிம்மதியைத்தான்.

ஒன்பது நாள் கழித்து மகள் வந்து அம்மாவைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். மகள் வீட்டுத் தெருவில் கேரவன் நிறுத்த இடமில்லை. அதனால் ஊருக்கு வெளியே, வண்டிகள் நிறுத்துகிற மைதானத்தில் அவர் தங்கினார். கழிவறைத் தொட்டியைக் கொட்டிவிட்டு, தனியாளாகப் புழங்கினார். மூன்றாம் நாள் நாலாவது விளக்கு எரிந்தது.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மைதானத்து வாசலில் பழுதுபார்க்கும் கொட்டகை வைத்திருந்த மெக்கானிக் அம்மாவைக் கூட்டி வந்தார். ஐம்பது வயதிருக்கும், கையில் எப்போதும் ஒரு டார்ச். வண்டிக்கு அடியில் படுத்து, தொட்டியை விரல் மடக்கித் தட்டிப் பார்த்தாள்.

"காலியா கிடக்கே ஐயா. அடியில ஒரு சாண் கூட இல்ல" என்றாள்.

"விளக்கு எரியுதேம்மா."

"உள்ள அளவு பார்க்கிற சென்சார்ல காகிதமும் அழுக்கும் ஒட்டிக்கிட்டா, கொஞ்சம் போனாலே ரொம்பின மாதிரிதான் காட்டும். தண்ணி கம்மியா விடுவீங்களோ?"

அரை மிதிதான் என்று அவர் சொன்னார். அவள் வெளியே நகர்ந்து வந்து எழுந்து உட்கார்ந்தாள்.

"அதான். இந்தத் தொட்டிக்குத் தண்ணி தாராளமா விடணும். அப்பதான் எல்லாம் கரைஞ்சு போகும். நீங்க மிச்சம் பிடிக்கப் பிடிக்க இன்னும் ஒட்டும்."

மேலே கழிவறை வழியாகத் தண்ணீர்க் குழாயை விட்டு அரை மணி நேரம் பீய்ச்சி அடித்தாள். வால்வைத் திறந்தபோது கட்டி கட்டியாக எதெல்லாமோ வந்தது. நாலு விளக்கும் அணைந்தன. முப்பத்தைந்து வருடம் ஒரு நட்டு விஷயத்தில்கூட ஏமாறாத மனிதருக்குச் சுண்டுவிரல் அளவு விளக்கு ஒன்று தண்ணி காட்டிவிட்டது. ஆனால் விளக்கைக் குறை சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. தொட்டி நிறையவில்லை என்று மனைவி பக்கத்தில் நின்று சொன்னாளே!

மறுநாள் காலை மகள் வீட்டுக்குப் போனார். மனைவி ஜன்னலோரம் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மெக்கானிக் அம்மா சொன்னதை ஒன்று விடாமல் சொல்லி முடித்து, "விளக்கு பொய் சொல்லியிருக்கு" என்றார்.

அவள் கோபப்பட்டிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார்.

"விளக்கு பொய் சொல்லிச்சு, சரி. நான் நிஜமாவே அவ்வளவு தடவை போயிருந்தாத்தான் என்னங்க? மனுஷின்னா போகத்தானே செய்வா?" என்றாள்.

வழியெல்லாம், அவள் மீது தப்பில்லை என்று தெரிந்துவிட்டதைச் சொன்னால் போதும் என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தார். தப்பு எங்கே என்று அப்போதுதான் உறைத்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, என்னை மன்னிச்சிரு என்றார். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. "விடுங்க, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

அவள் உடம்பு தேறிய பிறகு, இரண்டு நாள் போய் வரலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அவள் சரி என்றாள். அவர் விளக்குகள் இருந்த பலகைக்கு மேல் ஒரு காகிதத்தை ஒட்டி மறைத்திருந்தார். கழிவறையில் ஒரு வாளி தண்ணீரும் தனியாக வைத்திருந்தார். ஏறியதும் அவள் காகிதத்தைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள், லேசாகச் சிரித்தாள். வழியில் பழைய மாதிரி பேசிக்கொண்டுகூட வந்தாள்.

மதியம் ஒரு மரத்தடியில் நிறுத்திச் சாப்பிட்டார்கள். நல்ல வெயில். அவர் டம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றி வைத்தார். அவள் எடுத்தாள், உதட்டை நனைத்தாள், வைத்துவிட்டாள்.

"குடிம்மா" என்றார்.

"குடிக்கணும்னுதான் எடுக்கிறேன். இந்த வண்டிக்குள்ள தொண்டையில இறங்க மாட்டேங்குது. உங்க மேல கோபம்னு நினைக்காதீங்க. கோபமெல்லாம் எப்பவோ போச்சு."

அவர் வண்டியைத் திருப்பினார். இரண்டாம் நாளுக்கு என்று வாங்கிய காய்கறி அப்படியே மகள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த மாதக் கடைசியில் கேரவனை விற்றுவிட்டு, மகள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன வீடு பார்த்துக் குடிபோனார்கள். அங்கே அவள் நன்றாகத் தண்ணீர் குடிக்கிறாள். குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவுகிறாள். ஊர் சுற்றுகிற பேச்சை அவள் எடுக்கவில்லை, அவரும் எடுப்பதில்லை. எப்போதாவது கழிவறைக்குப் போய்விட்டு வரும்போது, கூடத்தில் உட்கார்ந்திருக்கும் அவர் முகத்தை அவள் ஒரு தரம் பார்ப்பாள். அவள் பார்ப்பது அவளுக்கே தெரியாது. அவர் அந்த நேரத்துக்குப் பத்திரிகையைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார்.