பத்தியத்தில் தின்ற உருண்டை

"உருண்டையெல்லாம் நீதானேம்மா சாப்ட்டே, அப்புறம் ஏன் பாட்டிகிட்ட குப்பைல போட்டேன்னு சொன்னே?" என்று பிரணவ் ஒருமுறை கேட்டான். ஸ்ரீவித்யா மகனை விளையாடப் போகச் சொல்லி அனுப்பிவிட்டாள்.

அப்போது இரண்டாவது மகள் மாளவிகா பிறந்த புதிது. பத்தியச் சோறு எந்த மூலைக்கு? பால் கொடுத்த கையோடு பசி வயிற்றைக் கிள்ளும். முடிச்சூர் ஃபிளாட்டின் மேல்மாடியிலிருந்த ஏஞ்சல், வேர்க்கடலையும் வெல்லமும் இடித்து உருட்டிக் கொண்டுவந்தாள். "பால் குடுத்துகினே ஒரு கையால சாப்புடலாம்க்கா." மாமியார் லோகநாயகிக்குத் தெரியாமல் ஸ்ரீவித்யா அத்தனையையும் தின்று தீர்த்தாள்.

"வேர்க்கடலை குழந்தைக்கு வாயு. தூக்கிப் போட்டியோன்னோ?" என்று மாமியார் கேட்டபோது, "அன்னைக்கே குப்பைல போட்டாச்சும்மா" என்றாள். டப்பாவை வாங்கிப்போக வந்த ஏஞ்சல் வாசலில் நின்றிருந்தாள். "பரவால்லக்கா" என்று சிரித்துவிட்டுப் போனாள். அந்தச் சிரிப்பை நினைத்தால், சாமி விளக்கை ஏற்றும்போதும் ஸ்ரீவித்யாவுக்கு மனசு கூசும்.

இப்போது ஏஞ்சல் பிள்ளை பெற்றிருக்கிறாள். கணவன் வேலைக்குப் போய்விட்டால் கூடமாட ஆளில்லை. ஸ்ரீவித்யா எள்ளும் பேரீச்சையும் சேர்த்து உருட்டினாள். நேரில் கொடுத்தால் தன் கண் கலங்கும்; பச்சை உடம்புக்காரி தன்னைத் தேற்ற வேண்டிவரும். மதியம் எல்லா வீடும் அடங்கியபின் படியேறி, கதவுக் கைப்பிடியில் பையை மாட்டினாள். உள்ளே குழந்தை சிணுங்கி ஓய்ந்தது. மணியை அடிக்காமல், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினாள்.