கெடாத பால்

ரப்பர் மரம் சீவ வெட்டுக்காட்டுக்குப் போகும் தாய்மார்கள் பிள்ளைகளை விட்டுப்போகிற ஆயக்கொட்டகையில் இலவசப் பால் திட்டத்தைத் துரையின் மனைவி துரைசானி திறந்துவைக்க வருகிறார் என்று கடிதம் வந்த நாளிலிருந்து, தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் சின்னக் கிராணி தம்புசாமிக்குக் கழுத்து சற்று நீண்டுவிட்டது. கிள்ளானிலிருந்து படம் பிடிக்கிறவனை வரவழைத்தார். இங்கிலீஷில் நாலு வரி வரவேற்புரை எழுதிக் கண்ணாடியிடம் தினமும் சொல்லிக்கொண்டார். பெரிய கிராணி அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலிக்குத் துரைசானி பக்கத்தில் நிற்கிற ஒரு படம் போதும் என்று நினைத்தார்.

வெயிலை மட்டும் நினைக்கவில்லை. பால் காலையிலேயே வந்துவிட்டது. துரைசானி மூன்று மணிக்குத்தான் வருவாராம். புளிக்கிறதுக்குள்ள காய்ச்சிடலாமா ஐயா என்று ஆயா இராஜம்மா வந்து கேட்டாள். காய்ச்சினால் ஆடை படியும், படத்தில் அழுக்காக விழும் என்று அவளை விரட்டிவிட்டு, ஸ்டோருக்குப் போய் ஃபார்மலின் டின்னைத் திறந்தார். ரப்பர் பால் ஃபேக்டரி போய்ச் சேரும்வரை உறையாமலிருக்க, வெட்டுக்காரர்களுக்கு அதைச் சொட்டுக் கணக்கில் கொடுக்கிறவர் அவர்தான். வாயில் பட்டால் செத்தாய் என்று ஒவ்வொரு முறையும் மிரட்டுகிறவரும் அவர்தான். ஆனால் லயத்துக் கூலிக்காரப் பிள்ளைகள் மண்ணைத் தின்றே வளர்கிறவை, ஒரு கரண்டி மருந்து என்ன செய்துவிடும்? ஊற்றிக் கலக்கினார்.

வாளியின் மூடியைத் திறந்த இராஜம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஐயா, இதுல என்னமோ கலந்திருக்கு. கண்ணெல்லாம் எரியுது."

"எரிஞ்சா நாளையிலேர்ந்து வெட்டுக்குப் போ. அங்க நல்ல காத்து."

இராஜம்மாவின் முட்டிகள் வெட்டுக்குப் போகிற முட்டிகள் அல்ல. டம்ளர்களைத் துடைக்க ஆரம்பித்தாள்.

மூன்றரைக்குத் துரையும் துரைசானியும் காரில் வந்து இறங்கினார்கள். பால் கெடவில்லை, தம்புசாமியின் இங்கிலீஷும் இரண்டாவது வரிவரை கெடவில்லை. மாலை போடுவதற்குத் தன் நாலு வயது மகள் சந்திரகலாவை ஃபிராக்கும் ரிப்பனுமாக நிறுத்தியிருந்தார். மூக்கொழுகும் லயத்துப் பிள்ளைகளின் வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்த துரைசானி, அந்த ரிப்பனைக் கண்டதும் முகம் மலர்ந்தார். முதல் டம்ளரை இவள் குடிக்கட்டும், சுத்தமாக இருக்கிறாள், படத்துக்கு அழகு என்றார்.

தம்புசாமிக்கு மிச்சமிருந்த இங்கிலீஷும் போய்விட்டது. இராஜம்மா டம்ளரை விளிம்புவரை நிரப்பி அவரிடம் நீட்டினாள்.

"நீங்களே குடுங்க ஐயா. அப்பா கையால குடுத்தாத்தான் பிள்ளைக்கு எறங்கும்."

கை தவறிக் கீழே போடலாம். ஆனால் பின்னால் முழு வாளி இருந்தது. பால் கெட்டுவிட்டது என்று சொல்லலாம். துரை வாட்சைப் பார்த்தார். பெரிய கிராணி தம்புசாமியைப் பார்த்தார்.

"குடி கண்ணு," என்றார் தம்புசாமி. "மூச்சப் பிடிச்சிக்கிட்டு, ஒரே மடக்கா."

"எரியுதுப்பா."

"துரைசானி பாக்குறாங்கல்ல."

படம் பிடிக்கிறவனின் கறுப்புத் துணிக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்து, யாரும் அசையக் கூடாது என்று விரலைக் காட்டியது. சந்திரகலா சொன்னபடி கேட்கிற பிள்ளை. டம்ளரை உதட்டிலிருந்து எடுக்காமல் நின்றாள்; கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக்கூட இல்லை. அவள் தோளில் கையை வைத்து, பல் தெரியச் சிரித்தபடி நின்றார் தம்புசாமி. வரிசையில் அடுத்து நின்ற, சட்டையில்லாத பையன் அதற்குள் இரண்டு கைகளையும் நீட்டிவிட்டிருந்தான்.