என்ஜினுக்கு வைத்த பொட்டு

என் வீட்டுக்காரர் பாண்டுரங்கன் விழுப்புரம் ஜங்ஷனில் கூட்ஸ் குமாஸ்தா. காலையில் திண்டிவனத்தில் ரயில் ஏறுவார், விழுப்புரத்தில் இறங்கி மூட்டைக் கணக்கு எழுதுவார், சாயந்திரம் திரும்பி வருவார். இப்படி வருஷக்கணக்காக ரயிலில் போய் வருவதால் என்ஜின் சமாச்சாரம் எல்லாம் தனக்கு அத்துப்படி என்பது அவர் நம்பிக்கை. அப்படிப் பார்த்தால் எங்கள் பிரம்மதேசம் கோயில் வௌவாலுக்கு வேதமே தெரிந்திருக்க வேண்டும். இதை அவரிடமே சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. வீடு அமைதியாக இருந்தது.

அப்பேர்ப்பட்டவர் கையில் ஒரு என்ஜின் வந்து சிக்கியது எங்கள் அக்காவின் கெட்ட காலம். அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை, ஓரகத்தி. என் வீட்டுக்காரருடைய அண்ணன் வேங்கடேசனின் மனைவி, அஞ்சம்மாள். மூத்தார் ஒரு ஆனி மாதக் கடைசியில் காலமாகிவிட்டார். பிள்ளை இல்லை. அவர் விட்டுப்போனது ஒரு ஏக்கர் நிலம், ஒரு கிணறு, கிணற்று மேட்டில் ஐந்து ஹெச்.பி. ஆயில் என்ஜின். அக்கா தனியாகவே பயிர் வைத்துக்கொண்டிருந்தாள். அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. காதில் கிடந்த கம்மலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு விதை மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, வாங்கிப் போட்டிருந்தாள். இந்த வெள்ளாமையும் போனால் கோலியனூரில் அவள் தம்பி வீட்டுக்குப் போய், தம்பி பெண்டாட்டிக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டு காலத்தைத் தள்ள வேண்டியதுதான். அந்தத் தம்பி ஏற்கெனவே இரண்டு முறை வந்து, “எப்பக்கா வர்றே?” என்று கேட்டுவிட்டுப் போயிருந்தான். பாசம் ஒன்றும் இல்லை, அவன் வீட்டில் மாடு அதிகம்.

பொங்கலுக்கு நான்கைந்து நாள் இருக்கும்போது என்ஜின் படுத்துவிட்டது. வெள்ளையாகப் புகை விட்டது, தண்ணீர்த் தொட்டியில் குமிழி விட்டது, நின்றுவிட்டது. செடி பூ எடுத்து மண்ணுக்குள் விழுது இறங்குகிற நேரம் அது. அந்த நேரத்தில் தண்ணீர் தப்பினால் செடி நிற்கும், காய் இருக்காது.

“திண்டிவனத்துல தேவசகாயம் மெக்கானிக்கை இட்டாந்துடலாம் தம்பி,” என்றாள் அக்கா.

“இதுக்குப் போய் மெக்கானிக்கா? ஹெட்டைக் கழட்டணும், தேய்க்கணும், மாட்டணும். அவ்ளோதான் அண்ணி. நான் லீவு போட்டுக்கினு பாக்குறேன்,” என்றார் இவர்.

கணவனை இழந்த அண்ணிக்கு உதவுகிறேன் என்று கொழுந்தன் சொன்னால் யாரால் வேண்டாம் என்று சொல்ல முடியும்? அக்காவாலும் முடியவில்லை.

கழற்றிய ஹெட்டைச் சாக்கில் சுற்றி சைக்கிள் கேரியரில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஹெட் என்பது என்ஜினுடைய மூடி மாதிரி. உள்ளே வெடிக்கிற வெடி வெளியே போகாமல் அமுக்கிப் பிடித்துக்கொள்வது அதுதான். எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், அந்த ஒரு வாரம் எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. நட்டுகளை என் இட்லித் தட்டில் குழிக்கு ஒன்றாக வைத்தார், வரிசை மாறக்கூடாதாம். பொங்கலுக்கு மறுநாள் இட்லி இல்லை என்பது அப்போதே முடிவாகிவிட்டது. முறத்தில் வால்வு, ஸ்பிரிங். கிருஷ்ணாயில் நாற்றம் சோற்றிலும் வந்தது.

எதிர்வீட்டுப் பெரியதம்பி மாமா காலையிலேயே வந்து உட்கார்ந்துகொண்டார். அவர் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டவர், ஆகவே ஊரில் எல்லார் வேலையும் அவர் வேலை. வால்வைப் பசை தடவி இவர் இப்படித் திருப்பினால் “அப்படித் திருப்பு” என்பார். அப்படித் திருப்பினால் “ஜல்தியா பண்ணாதே” என்பார். நடுநடுவே என்னைப் பார்த்து, “டீ இருக்குதாம்மா?” என்பார். அந்த வேலையில் உருப்படியாக முடிந்தது டீ ஒன்றுதான்.

“முகம் மட்டமா இருக்கணும்,” என்றார் என் வீட்டுக்காரர், ஹெட்டின் அடிப்பக்கத்தைத் தடவிக்கொண்டு. “இதுதான் என்ஜின் மேல உக்கார்ற முகம். எமரி பேப்பரைக் கண்ணாடி மேல போட்டுத் தேய்க்கணும். மேடு பள்ளம் இல்லாத கண்ணாடி எங்க இருக்குது?”

சொல்லிக்கொண்டே சுவரைப் பார்த்தார். சுவரில் எங்கள் கல்யாணப் போட்டோ இருந்தது.

நான் கத்தினேன். பயனில்லை. போட்டோவை விட்டுவிட்டுக் கண்ணாடியை எடுத்துக்கொண்டார். எங்கள் கல்யாணம் ஆணியில் வெறுமனே தொங்க, அதன் கண்ணாடி மேல் அண்ணியின் ஹெட்டைப் போட்டு இரண்டு நாள் தேய்த்தார். நியாயமாகச் சொல்ல வேண்டும், முகம் பளபள என்று வந்தது. நான் பக்கத்தில் போனபோது என் முந்தானை லேசாக அதன் மேல் பட்டுவிட்டது. துள்ளிக் குதித்தார்.

“தள்ளிப் போ. ஒரே ஒரு நூல் ஒட்டினாப் போதும், லீக் ஆயிடும். மசுரு கனம் கூட இருக்கக் கூடாது தெரியுமா?”

சரி என்று தள்ளிப் போனேன். வீடு பெருக்கவும் தடை போட்டார். அக்கா தினமும் சாயந்திரம் வருவாள். எங்கள் வாசற்படிக்கு வெளியிலேயே நிற்பாள். வேலை நடக்கிற இடத்தில் அவள் எதிர்ப்படக் கூடாது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. யாரும் சொல்லாமலே அவளுக்குத் தெரியும்.

“எலை மடங்கிப் போச்சு தம்பி,” என்பாள்.

“ஆயிடும் அண்ணி,” என்பார்.

மாட்டுப் பொங்கல் வந்தது. எங்கள் பக்கத்தில் அன்றைக்கு மாட்டுக்கு மட்டும் பொட்டு இல்லை. ஏர், மண்வெட்டி, களைக்கொத்துக்கும், மாடு கட்டித் தண்ணீர் இறைத்த கவலை ஏற்றம் இருந்த காலத்தில் அதற்கும், என்ஜின் வந்த பிறகு என்ஜினுக்கும் பொட்டு உண்டு. உழைக்கிறது எதையும் விட்டுவிடக் கூடாது. நல்ல வழக்கம்தான், நான் குறை சொல்லவில்லை. சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து எடுத்துக்கொண்டு இவர் ஹெட்டின் முன்னால் உட்கார்ந்தார். மேல்பக்கம் பூராவும் எண்ணெய்ப் பிசுக்கு. வைத்த சந்தனம் வழுக்கிக்கொண்டு வந்தது.

“முகத்துல வையி பாண்டு. பொட்டு வைக்கிற எடம் எது? முகந்தானே?” என்றார் பெரியதம்பி மாமா.

இவர் ஹெட்டைத் திருப்பிப் போட்டு, இரண்டு நாள் தேய்த்துப் பளபளப்பாக்கிய அந்த முகத்தில், நட்டுத் துளைகளுக்கு நடுவே ஒவ்வொரு இடமாகச் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்தார். கற்பூரம் காட்டினார். உள்ளபடியே அழகாக இருந்தது.

மறுநாள் கிணற்றடியில் மாட்டும்போது பொட்டெல்லாம் காய்ந்து வரட்டி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

“இன்னாங்க, தொடைக்கலியா?” என்றேன்.

“பூசை பண்ண பொட்டை யாராச்சும் அழிப்பாங்களா?”

“ஒரு நூல் இருந்தாலே லீக் ஆவும்னு சொன்னீங்களே.”

“அழுக்கு வேற, சந்தனம் வேற,” என்றார். பெரியதம்பி மாமா தலையை ஆட்டினார். படித்தவர் ஒருவர், நிலம் உள்ளவர் ஒருவர், இரண்டு பேரும் சொன்ன பிறகு எனக்கென்ன வாய்?

கேஸ்கட் என்கிற செம்புத் தகட்டை நடுவில் வைத்து, மேலே ஹெட்டை வைத்து, நட்டைக் குறுக்கும் நெடுக்குமாக முடுக்கினார். காணும் பொங்கல் ஆனதால் பார்க்கக் கூட்டம் வேறு. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, கைப்பிடி போட்டுச் சுற்றினார். என்ஜின் புஸ் என்றது. மறுபடி சுற்றினார். மறுபடி புஸ். ஹெட் இடுக்கில் காற்று போகிறது என்று என் காதுக்கே கேட்டது. ஊரில் தெம்பிருக்கிற ஆட்கள் எல்லாரும் ஆளுக்கொரு சுற்று சுற்றினார்கள். என்ஜின் எல்லாரையும் சமமாகவே நடத்தியது.

பெரியதம்பி மாமா சுற்றுமுற்றும் பார்த்தார். வரப்பில் அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

“அந்தம்மாவைச் சித்த அந்தாண்ட போவச் சொல்லு. ஒரு நல்ல காரியம் நடக்குதுல்ல,” என்றார்.

அவள் நிலம், அவள் கிணறு, அவள் என்ஜின். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா போய்ப் பனைமரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டாள். என்ஜின் அப்போதும் கிளம்பவில்லை. பூசணிக்காய் உடைத்தார்கள், அப்போதும் இல்லை. எனக்கு அன்றைக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பூசணிக்காயை வேறு எங்காவது உடைத்திருப்பேன்.

மறுநாள் காலை மறுபடி திறந்தார்கள். திறந்ததும் விஷயம் விளங்கிவிட்டது. இதில் ஒரு ரகசியமும் இல்லை. சந்தனம் வைத்த இடமெல்லாம் கேஸ்கட்டில் தடம் பதிந்திருந்தது. தடத்துக்குத் தடம் நடுவில் காற்று போன வழி கறுப்பாகத் தெரிந்தது. என் வீட்டுக்காரர் பார்த்தார். பெரியதம்பி மாமா பார்த்தார். கூட இருந்தவர்களும் பார்த்தார்கள். ஒருவருக்கும் சந்தேகமில்லை.

“தொடைச்சிட்டா சரியாப் பூடும்,” என்றார் இவர்.

“தொடைக்கலாம். ஆனா இன்னிக்கு வெள்ளிக்கிழமை,” என்றார் பெரியதம்பி மாமா.

“தை வெள்ளி,” என்றார் இன்னொருவர்.

அவ்வளவுதான், கையில் கிருஷ்ணாயில் துணியை வைத்துக்கொண்டு இவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வைத்த பொட்டை அழிப்பது குடும்பத்துக்கு ஆகாது என்றார் ஒருவர். நாளைக்கு சனிக்கிழமை, அது அதைவிட மோசம் என்றார் மற்றொருவர். பூசாரியைக் கேட்கலாம் என்றார்கள். பூசாரி மயிலம் போயிருந்தார். என்னைத் துடைக்கச் சொல்லலாமா என்று ஒரு யோசனை வந்தது. சுமங்கலி அதைத் தொடவே கூடாது என்று அவர்களே அதைத் தள்ளிவிட்டார்கள். அதற்குள் வெயில் ஏறிவிட்டது. எதிரே மல்லாட்டைச் செடிகள் கை குவித்த மாதிரி இலையை மூடிக்கொண்டு நின்றன.

எப்போது வந்தாள் என்று தெரியவில்லை, அக்கா பனைமரத்துப் பக்கமிருந்து வந்து கூட்டத்துக்கு நடுவில் நின்றாள். அந்த மாதிரி அவள் நடுவில் வந்து நின்று நான் பார்த்ததில்லை.

“துணியைக் குடு தம்பி,” என்றாள்.

“அண்ணி, இன்னிக்கு வெள்ளி…”

“தெரியும். எனக்கு அழிச்சதும் வெள்ளிக்கிழமைதான். ஆடி வெள்ளி. இதே கெணத்து மேட்டுலதான் உக்கார வெச்சீங்க. அன்னிக்கு ஒருத்தரும் நாள் பாக்கலியே.”

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. விலை சொல்கிற மாதிரிதான் சொன்னாள். பெரியதம்பி மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். அதில் அவருக்கு வேலை ஒன்றும் இல்லை.

இவர் துணியை நீட்டினார். அக்கா குந்தி உட்கார்ந்து, ஹெட்டை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பொட்டாகத் துடைத்தாள். காய்ந்த சந்தனம் லேசில் வரவில்லை. கட்டைவிரல் நகத்தால் சுரண்டி எடுத்தாள். நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, என் முந்தானையாலேயே கேஸ்கட்டைத் துடைத்தேன். நூலைப் பற்றி யாரும் பேசவில்லை.

மறுபடி மாட்டினார்கள். இந்தத் தடவை எலுமிச்சம்பழம் வைக்க எல்லாருமே மறந்துபோனார்கள். ஒரு சுற்று, இரண்டு சுற்று, டப் டப் டப் என்று என்ஜின் பிடித்துக்கொண்டது. குழாயில் முதலில் சேறு வந்தது, அப்புறம் தண்ணீர் வந்தது. இரண்டாம் தடவை முடுக்கியதுதான் சரியான முடுக்கு என்றார் என் வீட்டுக்காரர். பூசணிக்காய் வேலை செய்ய ஒரு நாள் ஆகும் என்றார் பெரியதம்பி மாமா. அக்கா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தண்ணீரோடு வாய்க்கால் வழியாகப் போய்விட்டாள்.

என்ஜின் ஓடுவதைப் பார்க்கப் பார்க்க இவருக்கு மனம் பொங்கியது. ஹெட்டின் மேல்பக்கத்தைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னார்: “அம்சா, சந்தனம் குங்குமம் இருந்தா எடுத்தாந்து குடு. மேலாக்க ஒரு பொட்டு வெச்சிடலாம்.”

வரப்பில் அக்கா மடை திருப்பிக்கொண்டிருந்தாள். மண்வெட்டிப் பிடியில் இருந்த அவள் கட்டைவிரல் இங்கிருந்து பார்த்தாலே சிவப்பாகத் தெரிந்தது. எவ்வளவோ தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தும் அவள் அதைக் கழுவவில்லை.

“அக்கா கையில இருக்குது,” என்றேன். “போய்க் கேளுங்க.”

அவர் அந்தப் பக்கம் பார்த்தார். கேட்கப் போகவில்லை.