அப்பாவின் வாயால்

நான் கெட்டிக்காரி என்று எனக்கே ஒரு நினைப்பு இருந்தது. கிள்ளான் கான்வென்டில் ஆங்கிலம் படித்தவள், எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணி கொர்னேலியஸின் ஒரே மகள், யூஜினியா. அந்தக் கெட்டிக்காரத்தனத்தால்தான் சூசைமுத்துவை ஜெயிலுக்கு அனுப்பியிருப்பேன்.

மலாயாவில் வெள்ளைக்காரர்கள் அவசரகாலம் அறிவித்து நான்காவது வருடம். புக்கிட் பெலிம்பிங் பக்கம் இருந்த எங்கள் எஸ்டேட்டில் தொழிலாளர் லயங்களையும் கிராணி வீட்டையும் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். காட்டில் இருந்த கம்யூனிஸ்ட்டுகளுக்குப் போய்விடுமாம், ஒரு பிடி சோறுகூடக் கேட்டைத் தாண்டக் கூடாது. ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்கள் விடியற்காலையில் போனால் மதியம் வரை பட்டினி. அவர்களின் மடியையும் வாளியையும் தடவித்தான் வெளியே விடுவார்கள். எங்கள் வீட்டாருக்கு மட்டும் சலாம் வைத்துக் கதவைத் திறப்பார்கள். என்னை யாரும் தடவிப் பார்த்ததில்லை. அதனால் அந்தச் சோதனை சும்மா பேருக்கு நடப்பது என்றே நினைத்திருந்தேன்.

சூசைமுத்து பால் வெட்டுகிறவர். வேலைக்குப் போகும் முன் எஸ்டேட் கோயிலில் மணியடித்து ஜெபம் சொல்வதும் அவர்தான். கோயிலில் எங்களுக்குப் பெஞ்சு, லயத்து ஜனங்களுக்குப் பாய். காட்டில் இருப்பவர்களுக்காகவும் ஜெபிப்பார், அவர்களைத் தேடிப் போகிற சிப்பாய்களுக்காகவும் ஜெபிப்பார். "ரெண்டு பக்கமும் அம்மாமார் காத்துக்கிட்டிருக்காங்க ஆண்டவரே" என்பார். அதைக் கேட்ட அன்றே என் மனசு பெஞ்சை விட்டு இறங்கிவிட்டது.

என்னைப் பெண் கேட்டு அவர் எங்கள் வீட்டு வாசற்படிக்குக் கீழே வந்து நின்றபோது, அப்பா அவருடைய சட்டையைத்தான் பார்த்தார். பால் கறை எத்தனை துவைத்தாலும் போகாது.

"மொதல்ல கறையில்லாத சட்டை ஒண்ணு வாங்கிக்க. பால் வெட்டுறவனுக்கு என் பொண்ணா? செத்தாலும் என் வாயால சரின்னு வராது."

ஓடிப்போகலாம் என்று நான்தான் சொன்னேன். வெட்கமில்லாமல் இரண்டு தடவை சொன்னேன். அவர் கேட்கவில்லை. "உங்கப்பா சொல்லாம வேணாங்க. அவரு வாயால வரட்டும், காத்திருக்கேன்." எனக்கு அப்படி ஆத்திரம் வந்தது. என் அப்பாவைப் பற்றி இந்த மனுஷருக்கு என்ன தெரியும்?

இப்படி ஆறு மாதம் போனது. ஒரு நாள் வெறும் வயிற்றோடு வெட்டிக்கொண்டிருந்தவர் மரத்தடியில் மயங்கி விழுந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அப்புறம் எனக்கு எந்தச் சட்டம் ஞாபகம் இருக்கும்? மறுநாள் காலை சோறும் மிளகாய்ச் சம்பலும் அரை முட்டையும் வைத்து, அப்பா படித்துப் போட்ட ஆங்கிலப் பேப்பரில் கட்டினேன். சூசைமுத்து உள்ளே ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தபோது, கோயிலுக்கு வெளியே இருந்த அவருடைய வாளியில், துணிக்கு அடியில் பொட்டலத்தை வைத்துவிட்டு வந்தேன். பசிக்கும்போது பார்த்துச் சிரிப்பார் என்று ஆசை.

அரை மணி நேரத்தில் பக்கத்து லயத்துக் கங்கா ஓடி வந்தாள். "யம்மா, சூசைய புடிச்சிட்டாங்க! வாளியில சோறாம்! கோலசிலாங்கூர் ஸ்டேஷனுக்குக் கொண்டு போகப் போறாங்க!"

கால் தரையில் படாமல் ஓடினேன். கேட்டருகே போலீஸ் லோரி நின்றது. வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி கேள்வி கேட்க, அப்பா அதைத் தமிழில் மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"யாரு குடுத்தா?"

"சொல்ல மாட்டேன் ஐயா."

பொட்டலம் மேசைமேல் பிரிந்து கிடந்தது. எஸ்டேட்டிலேயே அந்தப் பேப்பர் வாங்குகிற ஒரே ஆள் அப்பா. குறுக்கெழுத்துக் கட்டங்களில் அவருடைய பென்சில் எழுத்து அப்படியே தெரிந்தது. அப்பா அதைப் பார்த்துவிட்டார். சூசைமுத்துவும் பார்த்திருக்கிறார். இருவருமே வாயைத் திறக்கவில்லை. என்னைக் காப்பாற்ற ஒருவர் லோரி ஏறத் தயாராக இருந்தார், இன்னொருவர் ஏற்றிவிடத் தயாராக இருந்தார்.

"அந்தச் சோத்த நான்தான் வச்சேன். அவருக்குத் தெரியாது."

"யூஜி, வீட்டுக்குப் போ," என்றார் அப்பா.

நான் சொன்னது என்னவென்று கேட்பதுபோல் அதிகாரி அப்பாவைப் பார்த்தார். நானே ஆங்கிலத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"நீங்களே சொல்லுங்கப்பா. நீங்க மாத்திச் சொன்னாலும் எனக்குப் புரியும்."

என் அப்பா கோபக்காரர், கர்வி. ஆனால் பொய் அவருக்கு வராது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார். நான் சொன்னதை ஒரு வார்த்தை குறையாமல் ஆங்கிலத்தில் சொன்னார். பேப்பரைத் தொட்டு, இது என் வீட்டுடையதுதான் என்றும் சேர்த்துக்கொண்டார்.

அதிகாரிக்கு நம்பிக்கை வரவில்லை. "ஒரு பால் வெட்டுக்காரனுக்கு உங்கள் மகள் எதற்குச் சோறு கட்டித் தர வேண்டும்?"

இதற்கு மொழிபெயர்க்க எதுவும் இல்லை. அப்பாவேதான் பதில் சொல்லியாக வேண்டும். அவர் சூசைமுத்துவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில் சொன்னார்:

"ஏனென்றால் என் மகள் அவரைத்தான் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள்."

அழுதுவிட்டேன். அத்தனை பேர் முன்னால், மூக்கு ஒழுக ஒழுக அழுதேன்.

அதிகாரி அந்த அரை முட்டையைக் குச்சியால் புரட்டிப் பார்த்தார். காட்டுக்குப் போகிற சோற்றில் யாரும் முட்டையை இப்படிப் பூப்போல அறுத்து வைக்கமாட்டார்கள் என்று பட்டிருக்க வேண்டும். இன்னொரு தடவை நடந்தால் இரண்டு பேருக்கும் சிறைதான் என்று அதட்டிவிட்டு, சோற்றைச் சாக்கடையில் கொட்டச் சொல்லி, லோரியைக் காலியாகவே திருப்பி அனுப்பினார்.

சூசைமுத்துவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாளியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். "ஐயா என்னங்க சொன்னாரு? ஏன் அழுவுறீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"ஞாயித்துக்கெழம பூசை வைக்கச் சாமியார் வர்றாரு. கோயில்ல எல்லார் முன்னாலயும் உங்க கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லணும், நேரத்தோட வந்துரு." நாலடி நடந்தவர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "சட்டை ஒண்ணும் புதுசா வாங்க வேணாம். இதையே போட்டுக்கிட்டு வா. பெஞ்சுல எம் பக்கத்துல எடம் இருக்கு."