பதினேழாம் எண் பிழை

அவள் வேலை பார்த்த கம்பெனி விற்கும் சி லைப்ரரியை, அதாவது மற்ற புரோகிராமர்கள் எடுத்துப் பயன்படுத்தும் சி மொழி நிரல் தொகுப்பை, எழுதியவர் அவளுடைய அண்ணன். தங்கையையும் அதே அலுவலகத்தில் சேர்த்துவிட்டு, போன வருஷம் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் செய்த தப்பு ஒன்றே ஒன்று. பிழை தேடும்போது மட்டும் திரையில் பேச வேண்டிய மேக்ரோக்கள் என்ற குறுநிரல்களை, வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கும் முகப்புக் கோப்பான ஹெடர் ஃபைலிலேயே வைத்து, அவற்றை இயக்கும் சுவிட்சுக்குப் பிழைநீக்கத்தைக் குறிக்கும் 'டீபக்' என்ற, ஊருக்கெல்லாம் பொதுவான பெயரைச் சூட்டியிருந்தார். வாடிக்கையாளர் தன் தேவைக்கு அதே பெயரில் சுவிட்சைப் போட்டால், அண்ணனும் கூடவே, தங்கையிடம் பேசுவது போல் எழுதிவைத்த வாசகங்களில், பேச ஆரம்பித்துவிடுவார்.

அப்படித்தான் ஒரு வாடிக்கையாளர் நிறுவனத்தில், தலைவர் முன்னிலையில், நினைவகத்தின் இடத்தைக் காட்ட வேண்டிய பாயிண்டர் ஒன்று காலியாக இருக்க, பெரிய திரையில் வந்து நின்றது: "தங்கச்சி, பாயிண்டர் காலி. முதல்ல போய்ச் சாப்பிட்டு வா." தலைவருக்குத் தங்கச்சியே கிடையாதாம்.

மேலாளர் கூட்டம் போட்டார். எதையும் சுற்றி வளைத்தே தொடங்குவதால் அவருக்கு 'முன்னுரை' என்று பெயர். அரை மணி கழித்து விஷயத்துக்கு வந்தார். "ஹெடர்ங்கறது கம்பெனியோட முகம். முகத்துல பருவா?" அந்த முகத்தை அவர் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை.

"சார், நாம மட்டும் வச்சுக்கற உள் ஹெடருக்கு மாத்திடறேன்," என்றாள் அவள். " சுவிட்சு பேருக்கு முன்னால லைப்ரரி பேரைச் சேர்த்துட்டா யாரோடயும் மோதாது. அண்ணனோட வார்த்தைங்க மட்டும் அப்படியே இருக்கட்டும். நம்மளத் தவிர யாரும் பார்க்க மாட்டாங்க."

"வார்த்தைக்குப் பதிலா நம்பர் போடும்மா. நம்பர் யாரையும் சாப்பிடக் கூப்பிடாது."

வெளியே வந்ததும் டெஸ்டிங் பெண் கையைப் பிடித்தாள். "அக்கா, பழைய வெர்ஷன்ல அண்ணன் எழுதினதெல்லாம் பத்திரமா இருக்கும்ல?"

"இருக்கும். ஆல்பத்துல போட்டோ இருக்கற மாதிரி."

மொத்தம் முப்பத்தொரு வாசகங்கள்; ஒவ்வொன்றாக அழித்து எண் போட்டாள். "ஒரே மெமரியை ரெண்டு தடவை திருப்பிக் குடுக்கறியே, அவ்வளவு நாணயமா?" என்பது பிழை 9 ஆனது. அடித்துக்கொண்டே சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

முடித்து நிரலை ஓட்டிப் பார்த்தாள். பிழை 17 என்றது திரை.

எந்த வாசகத்துக்குப் போட்ட எண் அது என்று பட்டியலைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. மணி மூன்றே கால். சாப்பாட்டு டப்பா மேசைமேல் திறக்காமல் கிடந்தது. மறுபடி ஓட்டினாள். பிழை 17. பாயிண்டரைச் சரிசெய்தால் இதுவும் வராது என்று, கொஞ்ச நேரம் சரிசெய்யாமலே உட்கார்ந்திருந்தாள்.