கேரவன் வாசலில் குந்திய பள்ளிக்கூடம்

கெசியாவுக்குப் பதினொரு வயது முடிந்த செப்டெம்பரில், அவளுக்கு இடம் கிடைத்திருந்த செகண்டரிப் பள்ளிக்கூடம், மாடிகளோடும் சைக்கிள் கொட்டிலோடும் எழும்பி நடந்து வந்து, லண்டன் பிளேஸ்டோவில் ஜிப்சிகளின் கேரவன்கள் நிற்கும் வளவுக்குள் அவளுடைய வாசலுக்கு நேரே குந்திக்கொண்டது. வரும் வழியில் ஒரு பஸ் தரிப்பிடம் சரிந்தது. உள்ளே கணக்குப் பாடம் நிற்கவில்லை. அந்த வளவில் பெட்டைகள் பதினொரு வயதோடு படிப்பை விட்டு, கேரவன் துடைத்து, தம்பிமாரைப் பார்த்து, கலியாணத்துக்குக் காத்திருப்பதுதான் வழக்கம். கெசியா மட்டும் போகவேணும் என்று அழுதிருந்தாள். பள்ளிக்கூடத்துக்கு அது கேட்டிருக்க வேண்டும்.

மறுநாளே கவுன்சில்காரர் வந்து, அனுமதியில்லாமல் தரித்து நிற்பதால் உடனே கிளம்பவேண்டும் என்று பள்ளிக்கூடத்தின் கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். அதே நோட்டீஸை ஊரூராக வாங்கிப் பழகிய கெசியாவின் தாய் மெர்சிக்கு இரக்கமாகப் போய்விட்டது. "பாவம், நிண்டுட்டுப் போ," என்று பள்ளிக்கூடத்திடமே சொன்னாள். "ஆனா என்ர பிள்ளை உள்ளுக்கு வராது. உள்ள பெடியள் இருக்கிறாங்கள். அவளின்ர பேர் கெட்டா நீயோ கட்டிக்குடுக்கப் போறாய்?" பள்ளிக்கூடம் யோசித்துவிட்டு மணியை அடித்தது.

பள்ளியில் பிள்ளைகளின் வரவு பார்க்கும் பிரியந்தி பேச வந்தாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, ஹரோவிலிருந்து வருபவள். மெர்சி தங்கக் கரை போட்ட கோப்பையில் தேத்தண்ணி கொடுத்தாள். பெட்டைகளைக் காவல் காக்கும் கதையில் இருவருக்கும் நன்றாக ஒத்துப்போனது. "எங்கட அம்மாவும் உப்பிடித்தான் அக்கா," என்றாள் பிரியந்தி, அக்கா என்று ஆங்கிலத்துக்கு நடுவில் தானாக வந்துவிட்டது. "பெரிசான பிறகு பள்ளிக்கூடத்துக்கு மட்டும்தான் விட்டவ." மெர்சி இளகினாள். இருக்கப் பெட்டைகளுக்குத் தனி வாங்கு, வாசலில் தாய் காவல், ஒரு கிழமை விட்டுப் பார்க்கலாம் என்று வாயெடுத்தாள். அந்த நேரம் பார்த்து பிரியந்தி, வீட்டில் பழக்கிவிட்ட மரியாதையில், தான் குடித்த கோப்பையைத் தானே கொண்டுபோய்க் கிடந்த பேசினில் அலசினாள்.

அது கை முகம் கழுவும் பேசின். அவர்களிடம் ஏனத்துக்கு ஒரு பேசின், உடம்புக்கு ஒரு பேசின். ரெண்டும் கலந்தால் துடக்கு, தீட்டு. மெர்சி கோப்பையை வாங்கி வெளியே எறிந்து உடைத்தாள்.

"அம்மா, ஒரு கோப்பைதானே!" என்றாள் கெசியா.

"படிச்சவளுக்கே சுத்தம் தெரியேல்லை. உதைப் படிக்கவோ போகப்போறாய்?"

துடக்கு என்றால் என்ன என்று பிரியந்திக்கு ஒருவரும் விளக்கத் தேவையில்லை.

வளவில் எது நின்றாலும் அதைத் துடைப்பது வீட்டுப் பெட்டையின் வேலை என்பதால், கெசியா பள்ளிக்கூடத்தையும் துடைக்கத் தொடங்கினாள். வருசங்கள் போய்விட்டன. கவுன்சில் நோட்டீஸ் ஒட்டி அலுத்து விட்டுவிட்டது. அவளுக்கு மாப்பிள்ளையும் பார்த்தாயிற்று. விஞ்ஞான அறையின் கண்ணாடியில் மட்டும் அவளுடைய கை கொஞ்சம் மெதுவாகப் போகும். உள்ளே ரீச்சர் பலகையில் பெரிய எழுத்தாக எழுதப் பழகிவிட்டா. கண்ணாடி அவ்வளவு சுத்தம். அங்கே ஒன்றுமே இல்லை என்று நினைத்துக் குருவிகள் வந்து மோதி விழுகின்றன, அவற்றையும் அவள்தான் கூட்டி அள்ளுகிறாள்.